புனிதாவின் வீட்டுக்காரர்

ஈப்போ வட்டாரத்தில் வீடில்லாத இளைஞர் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்று 'சொந்தக் கால் இளைஞர் அறவாரியம்' தன் ஆண்டுக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் மறுநாளே நடைமுறைக்கு வந்தது. 'வீடில்லாதவர்' என்ற சொல்லை அறவாரியத்தின் எல்லாத் தாள்களிலிருந்தும் நீக்கிவிட்டு, 'வீட்டை நோக்கிப் பயணிப்பவர்' என்று மாற்றினார்கள். ஒரே நாளில் வீடில்லாதவர் யாருமே இல்லாத வட்டாரமாகிவிட்டது ஈப்போ. இந்தச் சாதனையைக் கொண்டாட இரவு விருந்து ஒன்றும் நடந்தது.

அப்படிப் பயணம் போய்க்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி புனிதா. இருபது வயது. சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறியது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் இடிந்தது, அந்த இடத்தில் பெரிய மதில் கட்டிய குடியிருப்பு ஒன்று எழும்பியது. அவள் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது காவலாளியின் கூண்டு நிற்கிறது. அனுமதி அட்டை இல்லாமல் அதைத் தாண்டிப் போக முடியாது. அம்மா இறந்த பிறகு தாப்பாவில் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தாள். பதினெட்டு வயது ஆனவர்கள் பிள்ளைகள் அல்லர்; ஆகவே பிள்ளைகள் இல்லத்தில் இருக்க முடியாது. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள், பாட்டுப் பாடினார்கள், ஒரு பையைக் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்தது. தங்க ஹாஸ்டலும் கிடைத்தது. பிறகு சரக்குப் பெட்டிகள் மழையில் நனைகின்றன என்று நிர்வாகம் மிகவும் வருந்தி, ஹாஸ்டலைக் காலி செய்து பெட்டிகளை உள்ளே வைத்தது. அன்றிலிருந்து புனிதா ஒரு டோபிக் கடையில் இருந்தாள். காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் கடை. கதவும் கிடையாது, விளக்கையும் அணைப்பதில்லை. துணி காய்வதற்காக உட்கார்ந்திருப்பவளை யாரும் எழுப்பி விசாரிக்க மாட்டார்கள். அதனால் அவள் பக்கத்தில் எப்போதும் ஈரத்துணி ஒன்று இருந்தது.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் அறவாரியத்தின் திட்ட ஒருங்கிணைப்பாளர் கலாதேவி, விருந்தில் அழுக்கான மேசைத் துணிகளோடு வந்தாள். புனிதாவைப் பார்த்தாள், பேச்சுக் கொடுத்தாள். அறவாரியத்தின் பயிற்சி வகுப்புக்கு ஒரு ஆள் குறைந்தது. அங்கேயே நேர்காணல் தொடங்கியது.

"தங்கச்சி, சமைக்கத் தெரியுமா?"

"தெரியும்க்கா. இல்லத்துல நாப்பது பேருக்கு ஆக்கியிருக்கேன்."

"அது கூட்டுச் சமையல். ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியுமா?"

புனிதா யோசித்தாள். "ஒரு ஆளா ஒரு அடுப்பு முன்னாடி நின்னதே இல்லக்கா."

கலாதேவி 'தெரியாது' என்று குறித்துக்கொண்டாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "காலையில நீயா எழுந்திரிப்பியா?"

"கடை கூட்ட வர்ற அண்ணன் எழுப்பி விட்டுருவாரு."

"அப்ப பிறரைச் சார்ந்துதான் எழுந்திரிக்கிறே."

"அக்கா, எனக்கு வேலை இருக்கு. ஒரு ரூம் கிடைச்சா போதும். ரூம் சேவாவை மாசாமாசம் நானே கட்டிருவேன்."

கலாதேவி கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வேலையில் ஆறு வருடம் இருந்துவிட்டவள். குழந்தை நிலாவைக் கேட்பதைப் பார்த்ததுபோலச் சிரித்தாள். "ரூமைத் தூக்கிக் கையில குடுத்துட்டா சுயசார்பு எப்படி வரும்? மொதல்ல மனசு தயாராகணும்லா."

மனசைத் தயாராக்கும் பயிற்சி ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. வாழ்க்கைப் பயிற்றுநர் ரோய்ஸ்டன் கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு மேடையில் இங்குமங்கும் நடந்தார்.

"வீடுங்கறது நாலு சுவர் இல்ல, ஒரு மனநிலை. கண்ணை மூடுங்க. உங்க வீடு தெரியுதா? கதவைத் தொறந்து உள்ள போங்க."

எல்லாரும் உள்ளே போனார்கள். புனிதாவுக்குப் பக்கத்தில் இருந்த வெண்டி என்ற பெண் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே போய்விட்டாள், குறட்டை கேட்டது. முந்தின நாலு நாளும் பஸ் நிலையத்தில் உட்கார்ந்தபடியே தூங்கியவள் அவள். வகுப்பிலேயே முதலில் வீடு போய்ச் சேர்ந்தவள் என்று ரோய்ஸ்டன் அவளைக் கைதட்டிப் பாராட்டினார். சத்தத்தில் வெண்டி விழித்துக்கொண்டாள்.

"சார், அந்த மனநிலைக்குத் தாழ்ப்பாள் இருக்குமா?" என்று கேட்டாள்.

"அது உன் கையிலதான் இருக்கு" என்றார் ரோய்ஸ்டன். மண்டபம் நெகிழ்ந்தது.

மதியம் பஃபே சாப்பாடு. சாயங்காலம் ஐந்து மணிக்கு, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் யாரும் ஹோட்டல் சோபாவில் தங்கிவிடாதபடி காவலர் சரிபார்த்து வெளியே அனுப்புவார். அவரவர் இடத்துக்குப் போய், மறுநாள் மறுபடி மனநிலைக்குத் திரும்புவார்கள்.

பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு அங்கி வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அறவாரியத் தலைவர் டத்தோ சதாசிவம் சான்றிதழ் கொடுத்தார். 'செல்வி புனிதா தனித்து வாழ முழுத் தகுதி பெற்றவர்' என்று அதில் பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. முன்வரிசையில், அறவாரியத்துக்குத் தவறாமல் நன்கொடை கொடுக்கும் முத்தம்மா உட்கார்ந்திருந்தாள். புனிதா தன் கதையைச் சொன்னபோது அவள் புடவைத் தலைப்பு நனைகிற அளவுக்கு அழுதாள். மேடையேறிக் கட்டிப்பிடித்தாள்.

"என்ன வேணும்னாலும் இந்த அம்மாகிட்ட வா" என்றாள்.

புனிதாவுக்கு உலகம் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாள்.

முத்தம்மாவுக்கு வரிசையாய் ஒட்டிக் கட்டிய தெரஸ் வீடுகளில் ஒன்று. விதவை. கூட இருப்பது முப்பத்தாறு வயது மகன் ராஜு மட்டும். ராஜுவுக்கு வேலை பிடிக்கவில்லை. அம்மா சோறு போடுகிறாள், சட்டையும் தேய்த்துக் கொடுக்கிறாள். அவனுக்குச் சுயசார்புப் பயிற்சி தேவை என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. மாடியில் இரண்டு அறைகள் காலி. வேலியில் 'ரூம் வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது.

"ரூம் காலியாத்தான் இருக்கு" என்றாள் முத்தம்மா, கேட்டைத் திறக்காமல். "ஆனா தனியா ஒரு பொண்ணுக்கு எப்படிம்மா குடுக்கறது? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

"நான் தனியா இருக்கத் தகுதியானவள்னு சான்றிதழ் இருக்கும்மா."

"அதான் பிரச்சினையே. தனியா இருக்கத் தெரிஞ்ச பொண்ணுன்னு எழுதியே குடுத்துட்டாங்க. தெருவுல என்ன பேசுவாங்க? கல்யாணம் ஆகி, புருஷன் சிங்கப்பூர்ல வேலை பார்க்கறான்னாக்கூட யோசிக்காம குடுத்துருவேன்."

"அப்பவும் நான் தனியாத்தானேம்மா இருப்பேன்?"

"அது வேற தனி. இது வேற தனி" என்றாள் முத்தம்மா. ஆனாலும் மனசு கேட்காமல், வேலிக் கம்பி வழியாக ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தாள்.

அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் இன்னும் ஏழெட்டு வீட்டில் கேட்டாள். ஒரு வீட்டில் "குடும்பத்துக்குத்தான்" என்றார்கள். ஒரு வீட்டில் "யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் உள்ளே போனார்கள். டோபிக் கடைக்குத் திரும்பியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. அங்கே யாரும் திரும்பி வந்து எடுக்காத துணிகளுக்கென ஒரு கூடை உண்டு. அதில் ஓர் ஆண் தொழிலாளியின் நீலச் சட்டை கிடந்தது. பைக்கு மேல் 'சுகுமாரன்' என்று நூலால் தைத்திருந்தது. புனிதா அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து மஞ்சள் கயிறோடு முத்தம்மா வீட்டு வாசலில் நின்றாள்.

"கல்யாணம் ஆயிருச்சும்மா. பதிவுக் கல்யாணம். அவரு பேரு சுகுமாரன். சிங்கப்பூருக்குப் போயிட்டாரு."

முத்தம்மா கேட்டைத் திறந்தாள். "எந்தப் பக்கத்து ஆளுங்க?"

"சிலிம் ரிவர் பக்கம்."

"நல்ல ஊரு" என்றாள் முத்தம்மா. தனக்கு அங்கே யாரையும் தெரியாது என்பதால் குறை சொல்ல எதுவும் இல்லை. மாப்பிள்ளையின் போட்டோ, அடையாள அட்டை, கல்யாணப் பத்திரம் எதையும் கேட்கவில்லை. புனிதாவின் மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தபோது கிடைக்காத நம்பிக்கை, ஆளே இல்லாத ஒருவனுக்கு ஒரு நொடியில் கிடைத்தது. வாடகை ஒப்பந்தத்தை அவன் பெயரில்தான் எழுத வேண்டும் என்று முத்தம்மா பிடிவாதம் பிடித்தாள். "நாளைக்கு ஒரு பேச்சு வந்தா ஆம்பளை ஒருத்தரைக் கேக்கணும் பாரு."

புனிதா வாரம் ஒரு முறை அந்த நீலச் சட்டையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது.

சுகுமாரனின் புகழ் வளர்ந்தது. அவன் குடிப்பதில்லை என்று தெரிந்தது. மோட்டார் சைக்கிளை உறுமவிட்டு யாரையும் எழுப்பியதில்லை. தாமான் குடியிருப்பின் அக்கம்பக்கக் காவல் குழுவில் அவன் பெயரைச் சேர்த்தார்கள். கூட்டத்துக்கு வந்து சண்டை போடாத ஒரே உறுப்பினர் அவன்தான். கோயில் நிர்வாகத்தில் உதவிச் செயலாளர் பதவி காலியானபோது, இதுவரை அந்தப் பதவியில் இருந்தவர்கள் எல்லாரும் நேரில் வந்துதான் கெட்டார்கள் என்று ஒருவர் எடுத்துச் சொல்ல, அவனையே தேர்ந்தெடுத்தார்கள். "ஊர் தாண்டிப் போயும் எவ்வளவு பொறுப்பா இருக்கான் பாரு" என்று முத்தம்மா ராஜுவைக் கடிந்துகொண்டாள். ராஜு டிவியை அணைக்காமல் தலையாட்டினான்.

புனிதாவுக்குச் சில நாள் அந்தச் சட்டையைப் பார்த்தாலே ஆத்திரம் வரும். வேலைக்குப் போவது அவள், சேவா கட்டுவது அவள், அடைத்துக்கொண்ட குழாயைச் சரிசெய்ததும் அவள். "உன் வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்" என்று தெரு சொன்னது.

அந்தச் சமயத்தில்தான் கலாதேவி பின்தொடர் விசாரணைக்கு வந்தாள். பயிற்சி முடித்தவர்களில் எத்தனை பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று ஆண்டறிக்கை கேட்டது. மற்றவர்கள் எல்லாரும் இன்னும் பயணத்திலேயே இருந்தார்கள். புனிதாவின் அறையில் கட்டிலையும் தாழ்ப்பாளையும் பார்த்துக் கலாதேவியின் கண் கலங்கியது.

"எப்படிக் கிடைச்சுது?"

புனிதாவுக்கு அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னாள். கலாதேவி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்தாள்.

"அவரு இல்லன்னா வாடகை ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தம் செல்லாதுன்னா உனக்கு வீடு இல்ல. உனக்கு வீடு இல்லன்னா எங்க திட்டத்துக்குப் பலன் இல்ல. அப்படின்னா..."

"அப்படின்னா?"

"அவரு இருக்காரு."

"இருக்காராக்கா?"

"இனிமே இருக்காரு" என்றாள் கலாதேவி. அன்று மாலையே ஆண்டறிக்கையில் எழுதினாள்: சுகுமாரன் என்ற இளைஞர் வெளிநாட்டில் உழைத்து, வீட்டை நோக்கிப் பயணித்த ஒரு பெண்ணை வீடு சேர்த்திருக்கிறார்.

அறவாரியம் நெகிழ்ந்தது. அவ்வருடத்தின் 'சிறந்த சுயசார்பு இளைஞர்' விருது சுகுமாரனுக்கு என்று முடிவானது. அவர் சார்பில் மனைவி பெற்றுக்கொள்ள வேண்டும்.

விழா மேடையில் பொன்னாடையோடு நின்று புனிதா கூட்டத்தைப் பார்த்தாள். கீழே முந்நூறு பேர். தனக்குக் கதவைத் திறக்காத எல்லாரும் இல்லாதவனுக்காகக் கைதட்டக் காத்திருந்தார்கள். போனால் ரூம் போகட்டும் என்று மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன். சுகுமாரன்னு ஒரு ஆளே கிடையாது."

மண்டபம் அதிரக் கைதட்டல் எழுந்தது. இப்படி ஒரு மனிதர் உலகத்திலேயே கிடையாது என்று ஒரு மனைவி மேடையில் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"நெசமாத்தான் சொல்றேன். நான் ஒருத்திதான். தனியாத்தான் இருக்கேன்."

முன்வரிசையில் முத்தம்மா உடைந்து அழுதாள். டத்தோ சதாசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரிவின் துயரை இதைவிட எளிமையாக யாரும் சொல்லிவிட முடியாது என்றார். இந்த இளைஞர் தாயகம் திரும்ப வேண்டும், அதற்காக அறவாரியத்துக்குச் சொந்தமான மூன்று அறை அடுக்குமாடி வீட்டை அவருக்கே வழங்குகிறோம் என்று அங்கேயே அறிவித்தார்.

மேடைக்குப் பின்னால் புனிதா கலாதேவியைப் பிடித்தாள். "அக்கா, அறவாரியத்துக்கிட்ட வீடு இருந்துச்சா?"

"ரொம்ப நாளா இருக்கு. பூட்டித்தான் வெச்சிருந்தோம்."

"வீட்டைக் கையில குடுத்தா சுயசார்பு வராதுன்னீங்க?"

"அது வீடில்லாதவங்களுக்கு" என்றாள் கலாதேவி. "இவருக்குத்தான் ஏற்கெனவே ரூம் இருக்கே." சொல்லிவிட்டு, தானே சொன்னதைக் கேட்டவள்போலக் கீழே பார்த்தாள். சாவியைப் புனிதாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். "எதுவும் கேக்காத. போய் இரு."

புனிதா போய் இருந்தாள். முதல் வாரமே பஸ் நிலையத்துக்குப் போய் வெண்டியை அழைத்து வந்தாள். "நீ அவருக்குத் தங்கச்சி" என்றாள். வெண்டி ஒரு கேள்வியும் கேட்காமல் ஓர் இரவும் ஒரு பகலும் தூங்கினாள். பின்னர் இன்னும் இரண்டு தங்கச்சிகள் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் வீட்டில் இருக்கும் பெண்களைப் பற்றி அடுக்குமாடியில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த வருடம் அறவாரியம் இருநூறு பேருக்குப் பயிற்சி கொடுத்தது. சுகுமாரன் நாலு பேருக்கு வீடு கொடுத்தான்.

அடுத்து தேர்தல் வந்தது. பூப்போட்ட பாத்தேக் சட்டை அணிந்த இரண்டு பிரமுகர்கள் படியேறி வந்து உட்கார்ந்தார்கள். வட்டாரமே பாராட்டும் ஒரு வேட்பாளரைக் கட்சி தேடிக்கொண்டிருந்தது.

"அவரு ஊர்லயே இல்லையேண்ணே" என்றாள் புனிதா.

"ஜெயிச்சவங்க யாரும்மா ஊர்ல இருக்காங்க?" என்றார் மூத்தவர். "ஜனங்களுக்குப் பழக்கம்தான்."

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று புனிதா உள்ளே போனாள். அடுப்படியில் தங்கச்சிகள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெண்டி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னாள். புனிதா திரும்பி வந்தாள்.

"நிக்கறாராம். ஆனா ஜெயிச்சா ஒண்ணு செய்யணுமாம். காலி ரூம் வெச்சிருக்கறவங்க, தனியா இருக்கற பிள்ளைங்களுக்கு வாடகைக்கு விடணும்னு சொல்றாரு. அதை மொதக் கூட்டத்துலயே அறிவிக்கணுமாம்."

இளையவர் காப்பியை வைத்தார். மூத்தவர் பெருமூச்சு விட்டார். "பேசாத ஆளுன்னுல்ல சொன்னாங்க" என்றார். "இப்படியெல்லாம் கேக்கற ஆளுன்னா, இருக்கற ஆளுங்களையே நிறுத்திக்கலாம்மா." எழுந்து போய்விட்டார்கள்.

செய்தி தாமானுக்குள் பரவியது. காவல் குழு அவன் பெயரை எடுத்தது. கோயில் உதவிச் செயலாளர் பதவி மறுபடி காலியானது. மூன்றாம் நாள் முத்தம்மாவே மூச்சு வாங்கப் படியேறி வந்தாள்.

"நல்ல பிள்ளைன்னு நெனைச்சேன். அடுத்தவங்க வீட்டு ரூமைப் பத்தி இவருக்கு என்ன பேச்சு? புருஷனைக் கொஞ்சம் கண்டிச்சு வை."

"சொல்றேம்மா."

"என் முன்னாலயே சொல்லு. போனைப் போடு."

புனிதா போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"இந்தாங்க, அடுத்தவங்க வீட்டுல ரெண்டு ரூம் காலியா கெடந்தா உங்களுக்கென்ன? பூட்டி வெச்சிருப்பாங்க, பல்லியைக் குடி வெப்பாங்க, அது அவங்க இஷ்டம். பிள்ளைங்க டோபிக் கடையில தூங்குனா உங்களுக்கென்ன? மேடையில ஏத்தினாங்களா இல்லையா? பார்த்து அழுதாங்களா இல்லையா? அழுத கையோட கதவையும் தொறக்கணும்னா எப்படி? ஒரு பொம்பளைப் பிள்ளை வேலை பார்த்துக் காசைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னா, முறுக்கு குடுத்து அனுப்புவாங்க. அதுக்கு மேல மனுசங்க என்ன செய்வாங்க? நீங்க இல்லாத ஆளு. இல்லாத ஆளு மாதிரி இருந்தாத்தான் மரியாதை."

முத்தம்மா நாற்காலியில் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படிக் கேளு" என்றாள். "இன்னும் கொஞ்சம் உறைக்கிற மாதிரியே சொல்லும்மா."